மௌரியப் பேரரசு ஏன் வீழ்ந்தது? ஒரே சான்றுகளை வைத்துக்கொண்டு அறிஞர்கள் வேறு வேறு காரணம் கூறுவது எப்படி?

கேள்வி: அண்ணாநகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் அண்ணாநகரில் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். சென்ற வாரம் எங்கள் பயிற்சி மையத்தில் நடந்த மாதிரித் தேர்வில், மௌரியப் பேரரசின் வீழ்ச்சிக்கு முதன்மையான காரணம் எது என்று கேட்டு, பிராமணர்களின் எதிர்ப்பு, அசோகரின் அகிம்சைக் கொள்கை, பொருளாதார நெருக்கடி, வலுவற்ற வாரிசுகள் என்று நான்கு விடைகளைத் தந்திருந்தார்கள். நான் பொருளாதார நெருக்கடி என்று குறித்தேன். அகிம்சைக் கொள்கைதான் சரியான விடை என்று அறிவித்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

போன மதிப்பெண்ணை நான் விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கன்னிமரா நூலகத்தில் இரண்டு நாள் அமர்ந்து கைக்குக் கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டினேன். ஒருவர் மறுத்த காரணத்தை இன்னொருவர் ஏற்கிறார். அவர் ஏற்றதை மூன்றாமவர் மறுக்கிறார். எல்லாரும் கற்றறிந்தவர்கள். எல்லார் முன்னும் இருந்தவை அதே அசோகர் கல்வெட்டுகளும் அதே புராணப் பட்டியல்களும்தாம். அப்படியிருக்க இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எந்த விளக்கத்துக்குச் சான்று உறுதியாக இருக்கிறது? சங்கப் பாடல்களில் மோரியர் வருகிறார்களே, அவற்றிலிருந்து ஏதேனும் தெரியுமா? பொறுமையாக விளக்குபவர்களுக்கு நன்றியுடன் இருப்பேன்.

மறுமொழி 1: மயிலை ஆசிரியர்

அன்புள்ள மாணவிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பண்டைய இந்திய வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அசோகர் ஏறத்தாழ கி.மு. 232-இல் மறைந்தார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் ஆவதற்குள், ஏறத்தாழ கி.மு. 185-இல், கடைசி மௌரிய அரசரான பிருகத்ரதரை அவருடைய சேனாபதி புஷ்யமித்திரர் கொன்று சுங்க ஆட்சியைத் தொடங்கினார். படையை அணிவகுத்துக் காட்டுவதாகச் சொல்லி அழைத்து அந்த இடத்திலேயே கொன்றார் என்று ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் தம்முடைய ஹர்ஷசரிதத்தில் எழுதுகிறார். நிகழ்ச்சிக்கும் அந்த எழுத்துக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புஷ்யமித்திரர் பிராமணர். அவர் இரண்டு அசுவமேத வேள்விகள் செய்தார் என்று அயோத்தியில் கிடைத்த தனதேவன் கல்வெட்டு கூறுகிறது. இதைக் கொண்டுதான் ஹரப்பிரசாத் சாஸ்திரி 1910-இல் தம் விளக்கத்தைக் கட்டினார். அசோகர் வேள்வியில் உயிர்ப்பலியைத் தடுத்தார். தம்ம மகாமாத்திரர்கள் என்ற, அறநெறியைக் கவனிக்கும் உயர் அதிகாரிகளை நியமித்துப் பிராமணர்களின் செல்வாக்கைக் குறைத்தார். தண்டனையிலும் வழக்கு விசாரணையிலும் சமநிலை வேண்டும் என்று ஆணையிட்டு அவர்களுடைய சலுகைகளைப் பறித்தார். ஆகவே அடக்கி வைத்த சினம் அசோகருக்குப் பின் வெடித்தது என்பது அவருடைய வாதம். பூமியில் தேவர்களாக மதிக்கப்பட்டவர்கள் பொய்யானவர்கள் என்று அசோகரே ஒரு சிறு பாறைக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகவும் அவர் காட்டினார்.

இந்தக் கடைசிச் சான்றுக்கு நேர்ந்ததை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் விரிவாகச் சொல்வதுண்டு. அந்தக் கல்வெட்டில் 'மிஸா' என்றொரு சொல் வருகிறது. அதை 'பொய்' என்று பொருள்படும் 'ம்ருஷா' என்ற வடசொல்லின் திரிபாக எடுத்துக்கொண்டால் சாஸ்திரி சொன்ன பொருள் வரும். 1915-இல், இன்றைய கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில், பீடன் என்ற தங்கச் சுரங்கப் பொறியாளர் அதே ஆணையின் இன்னொரு படியைக் கண்டுபிடித்தார். அசோகர் என்ற பெயரையே நேராகக் கூறுவதால் புகழ்பெற்ற கல்வெட்டு அது. அங்கே அந்தச் சொல் 'மிஸிபூதா' என்று இருந்தது. 'மிச்ரம்', அதாவது கலத்தல், என்பதிலிருந்துதான் இந்த வடிவம் வர முடியும். முன்பு மனிதரோடு கலவாதிருந்த தேவர்கள் இப்போது கலந்துவிட்டார்கள் என்பதே அந்த வரியின் பொருள். அதில் பிராமணர் பற்றிய பேச்சே இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் மீது இதற்காகக் குறை சொல்வது முறையாகாது.

ஹேமசந்திர ராய்சௌத்ரி 1923-இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளையும் ஒவ்வொன்றாக மறுத்தார். பிராமணர்களுக்கும் சிரமணர்களுக்கும் (புத்த, சமண முதலிய துறவிகளுக்கும்) கொடை தர வேண்டும் என்று அசோகர் பல இடங்களில் வற்புறுத்துகிறார். பிராமணரான புஷ்யமித்திரர் மௌரியப் படைக்கே தலைவராக இருந்தார் என்பதும் பகைமைக்கு எதிரான சான்றுதான். புத்தத் துறவியின் தலையைக் கொண்டுவருபவருக்கு நூறு தீனாரம் தருவதாகப் புஷ்யமித்திரர் அறிவித்தார் என்று திவ்யாவதானம் என்ற பௌத்தக் கதை நூல் சொல்கிறதே என்பார்கள். தீனாரம் என்பது ரோமாபுரிக் காசின் பெயரிலிருந்து வந்த சொல். புஷ்யமித்திரர் காலத்தில் அது இங்கே வழங்கவில்லை. கதை சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. பர்ஹுத் என்ற இடத்துப் பௌத்தத் தூபியின் தோரண வாயிலோ, சுங்கர் ஆட்சியில் எழுப்பப்பட்டதாகத் தன் மீதே எழுதிவைத்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக மறுத்த ராய்சௌத்ரி, அந்த இடத்தில் தாம் வைத்த காரணம்தான் உங்கள் தேர்வுத்தாளில் 'சரியான விடை'யாக வந்திருக்கிறது. போர்முரசின் ஒலி தம்மத்தின் ஒலியாகிவிட்டது என்று அசோகர் நான்காம் பாறைக் கல்வெட்டில் கூறுவதை அவர் எடுத்துக்கொண்டார். கலிங்கப் போருக்குப் பின் படை சோம்பியது. அடுத்து வந்த அரசர்களுக்குப் போர்ப் பயிற்சி இல்லை. வடமேற்கிலிருந்து யவனர், அதாவது கிரேக்கர், வந்தபோது எதிர்க்க ஆளில்லை என்றார்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் இலட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே, அந்த மானும் எப்போதும் இல்லை என்று முதல் பாறைக் கல்வெட்டில் அசோகர் சொல்கிறார். கொல்லாமையை முழுதாக நடைமுறைப்படுத்த முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுதி வைத்த மனிதர் அவர். கலிங்கத்துக்காக வருந்தும் பதின்மூன்றாம் கல்வெட்டிலேயே காட்டுவாசிகளை நோக்கி, வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை என்னிடம் இருக்கிறது என்று எச்சரிக்கிறார். மரண தண்டனையை ஒழிக்கவில்லை. தீர்ப்புப் பெற்றவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் தந்தார், அவ்வளவுதான். படையைக் குறைத்தார் என்று ஒரு கல்வெட்டிலும் இல்லை. மேலும், பிருகத்ரதர் கொல்லப்பட்டதே ஒரு படை அணிவகுப்பில் என்றால், படை இல்லாமற் போனது என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி 2: சௌகார்பேட்டை வெள்ளிப் பட்டறை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் வரலாறு பட்டம் பெற்றவன் அல்லன். வெள்ளி வேலை செய்பவன், பழைய காசுகள் சேகரிப்பவன். தங்கை குறித்த மூன்றாவது விடைக்கு அடிப்படை என்னவென்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

மௌரியர் காலத்து முத்திரைக் காசில் அரசன் தலையோ பெயரோ இருக்காது. வெள்ளித் தகட்டைத் துண்டாக வெட்டி, எடை கூடினால் மூலையைக் கத்தரித்து, முன்பக்கத்தில் ஐந்து முத்திரைகளைக் குத்தியிருப்பார்கள்: சூரியன், ஆறு கைச் சக்கரம், வளைவுகளால் ஆன மலை, யானை, காளை என்று. எடை 32 குன்றிமணி, அதாவது ஏறத்தாழ 3.4 கிராம். பின்பக்கத்தில் சிறு சிறு குறிகள் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் சிலவற்றில் ஒரு குறி, சிலவற்றில் பல.

கோசாம்பி புனேயில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அவர் இத்தகைய காசுகளை ஆயிரக்கணக்கில் தராசில் வைத்து நிறுத்தார். பின்பக்கக் குறி கூடக்கூடக் காசின் சராசரி எடை குறைந்துகொண்டே போவதைக் கண்டார். வணிகர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காசைச் சோதித்துக் குறியிட்டார்கள், ஆகவே குறிகள் கூடுதலாக உள்ள காசு நெடுநாள் கைமாறித் தேய்ந்தது என்பது அவருடைய முடிவு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பத்து ஆண்டு காலில் கிடந்த கொலுசு கடைக்கு வரும்போது தேய்மானத்தால் எடை குறைந்திருக்கும்; ஆனால் உரைகல்லில் உரைத்தால் மாற்று அப்படியே இருக்கும். எடை குறைவது வேறு, மாற்றுக் குறைவது வேறு. மாற்றுக் குறைந்திருந்தால் உருக்கும்போதே யாரோ செம்பைக் கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பிற்கால மௌரியர் காசுகள் என்று கோசாம்பி வரிசைப்படுத்திய காசுகளில் செம்பு மிகுந்திருந்தது. அரசின் கருவூலம் வற்றியதற்கு அதை அடையாளமாக அவர் கொண்டார். கூடவே, மௌரியர் பொன் வேண்டித் தெய்வ உருவங்களைச் செய்து வைத்தார்கள் என்று பாணினியின் இலக்கணத்துக்கு உரை எழுதிய பதஞ்சலி போகிற போக்கில் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்வதையும் அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார். பதஞ்சலி புஷ்யமித்திரருக்கு மிக நெருங்கிய காலத்தவர் என்பதால் அந்த வரிக்கு மதிப்பு உண்டு.

இதற்கு வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் எழுப்பிய மறுப்பையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. காசில் பெயர் இல்லாததால் இது இன்ன அரசர் காசு என்பது கணக்கால் வந்த முடிவு. வணிகம் பெருகி, காசுக்குத் தேவை கூடி, அந்த அளவுக்கு வெள்ளி கிடைக்காத நிலையிலும் செம்பு சேர்ப்பார்கள். அகழாய்வுகளில் அந்தக் கால மக்கள் புழங்கிய பொருட்கள் வறுமையைக் காட்டவில்லை, முன்னேற்றத்தையே காட்டுகின்றன. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. வெள்ளி தட்டுப்படும் காலத்தில் வியாபாரம் சூடுபிடித்தாலும் மாற்றுக் குறைந்த சரக்கு சந்தைக்கு வரத்தான் செய்யும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அரசின் கருவூலம் காலியாக இருக்கும்போதும் வணிகர் வீட்டில் வெள்ளி நிறைந்திருக்கலாம் அல்லவா? அகழாய்வில் கிடைப்பது மக்களின் வாழ்வு. கோசாம்பி பேசியது அரசின் வரவு செலவு. ஆகவே அவருடைய விளக்கம் முழுதும் விழுந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

மறுமொழி 3: தரமணி ஆய்வு மாணவி

மேலே இருவரும் எழுதியவற்றைப் படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. அகிம்சை, எதிர்ப்பு, கருவூலம் ஆகிய மூன்று விளக்கங்களுமே, தலைநகரான பாடலிபுத்திரத்தின் பிடி நாடு முழுவதும் ஒரே இறுக்கமாக இருந்தது, பிறகு ஏதோ ஒன்று அதைத் தளர்த்தியது என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. அந்தப் பிடி அப்படி இருந்ததா என்பதைத்தான் பிற்கால ஆய்வு கேட்டது.

தாப்பரின் 1961 நூல், பழைய காரணங்களை விலக்கிவிட்டு, ஆட்சி அமைப்பையே காரணமாகக் காட்டியது. எல்லா அதிகாரமும் அரசரிடம் குவிந்திருந்தது. அதிகாரிகளை அவரே தேர்ந்தெடுத்தார். அவர்களுடைய பற்று அரசர் என்ற ஆளிடம் இருந்ததே தவிர, அரசர் மாறினாலும் தொடரும் அரசு என்ற கருத்திடம் இல்லை. பிற்காலச் சீனத்தில் இருந்ததுபோல் தேர்வு வைத்து ஆளெடுத்திருந்தால் நிர்வாகம் நிலைத்திருக்கும் என்பது அவருடைய ஒப்பீடு. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தோழிக்கு இது தனியாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரிக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள பாறையில் உள்ள ஆணை பாடலிபுத்திரத்திலிருந்து நேராக வந்ததன்று. சுவர்ணகிரியில் இருந்த அரசகுமாரரும் மகாமாத்திரர்களும் இசிலாவில் இருந்த மகாமாத்திரர்களின் நலம் விசாரித்து அனுப்பியது. கடைசி வரியில் சபடன் என்பவன் எழுதினான் என்று இருக்கிறது. அவன் பெயர் வரை பிராமி எழுத்து, 'எழுத்தன்' என்று பொருள்படும் சொல் மட்டும் வலமிருந்து இடமாகச் செல்லும் கரோஷ்டி எழுத்து. கரோஷ்டி வழங்கியது இன்றைய பாகிஸ்தானின் வடபகுதியில். அந்த எழுத்தை அறிந்த ஒருவன் கன்னட நாட்டின் நடுவே நின்று, தனக்குப் பழகிய எழுத்தில் ஒரு சொல்லைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆட்களைத் துணைக்கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்பும் வலிமை அந்த அரசுக்கு இருந்தது என்பதை அந்தச் சொல் காட்டுகிறது. அந்த ஊரில் ஆணையைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண்ணமும் அங்கேயே வந்தது. சுற்றிலும் பெருங்கற்காலப் புதைகுழிகள். நகரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஃபுஸ்மான் 1980-களில் இந்தத் தொலைவைத்தான் அடிப்படையாக எடுத்தார். ஆணை போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும் நிலத்தில் எல்லாவற்றையும் தலைநகரிலிருந்து ஆள முடியாது. உள்ளூர் அமைப்புகள் மௌரியக் குடையின் கீழ் தம் போக்கில் தொடர்ந்திருக்க வேண்டும் என்றார். தாப்பரும் 1984-இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். மகதம் நடுநிலம்; கலிங்கம், காந்தாரம் போன்றவை முன்பே வளர்ந்திருந்த பகுதிகள்; கர்நாடகம் போன்றவை விளிம்பு நிலங்கள். விளிம்பில் மௌரியர் நாடியது பொன் முதலிய வளங்களை. மஸ்கிக்கு அருகில் ஹட்டி தங்க வயல் இருப்பதும் 'சுவர்ணகிரி' என்ற பெயரும் தற்செயலாகத் தோன்றவில்லை. எடுத்துச் செல்வதோடு நின்று, அந்த நிலங்களின் வாழ்க்கை முறையை மாற்றாததால், மௌரியர் விலகியபோது அவை எளிதாகக் கழன்றன.

எனக்குத் தாப்பரிடம் மிகவும் பிடித்தது இந்தத் திருத்தம்தான். தாம் எழுதிப் பாடநூலாகவே ஆகிவிட்ட ஒரு கருத்தை இருபது ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்து, இது போதாது என்று சொல்வது எளிதன்று.

கேள்வி கேட்டவர்: அண்ணாநகர் வாசகி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் கி.மு. 185-ஐ 'வீழ்ந்த ஆண்டு' என்று படிப்பதே சரியில்லையா? அந்த ஆண்டில் கொல்லப்பட்டவர் எவ்வளவு நிலத்துக்கு அரசராக இருந்தார்? மோரியர் பற்றிய கேள்வியையும் மறவாமல் இருக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 4: மயிலை ஆசிரியர்

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள் அம்மா. ஏறத்தாழ கி.மு. 303-இல், மேற்காசியாவை ஆண்ட கிரேக்க அரசர் செலூக்கஸ், சிந்துவுக்கு மேற்கிலுள்ள நிலங்களை முதல் மௌரிய அரசரான சந்திரகுப்தரிடம் விட்டுக்கொடுத்து, ஐந்நூறு யானைகளைப் பெற்றுக்கொண்டார். நூறு ஆண்டு கழித்து, கி.மு. 206 அளவில், அவர் வழிவந்த மூன்றாம் ஆந்தியோக்கஸ் இந்துகுஷ் மலையைக் கடந்து வந்து, 'இந்தியர்களின் அரசர்' சோபகசேனஸ் என்பவருடன் நட்பைப் புதுப்பித்து யானைகளைப் பெற்றுச் சென்றார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். சுபாகசேனர் என்று நாம் கொள்ளும் இந்தப் பெயர் புராணங்களின் மௌரியப் பட்டியலில் இல்லை. புஷ்யமித்திரருக்கு இருபது ஆண்டுகள் முன்பே வடமேற்கு தனி அரசரிடம் போய்விட்டது என்று பலரும் கருதுவது இதனால்தான். அசோகரின் பேரர் தசரதர், கயைக்கு அருகிலுள்ள நாகார்ஜுனி மலையில் ஆசீவகர்கள் என்ற துறவிகளுக்குக் குகைகள் கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. அவருக்குப் பின் வந்த மௌரியர் எவருக்கும் அத்தகைய உறுதியான கல்வெட்டு கிடைக்கவில்லை. ஆகவே 185-இல் மகதத்தில் ஓர் அரச குலம் மாறியது. பேரரசு அதற்கு முன்பே பல பகுதிகளாகப் பிரிந்துகொண்டிருந்தது. சாஸ்திரி விளக்க முயன்றது குலமாற்றத்தை. தாப்பரும் ஃபுஸ்மானும் விளக்க முயன்றது பிரிவை. இரண்டையும் 'வீழ்ச்சி' என்ற ஒரே சொல்லால் குறித்து, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பதுதான் உங்கள் தேர்வுத்தாளில் நேர்ந்த பிழை. பயிற்சி மையத்துக்கு எழுதுவதாக இருந்தால் இதை மட்டும் எழுதுங்கள்.

வலுவற்ற வாரிசுகள் என்ற நான்காவது விடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. புராணங்களின் பட்டியல்களே பெயரிலும் எண்ணிக்கையிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பெயரே உறுதியாகாத அரசர்களின் வலிமையைப் பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

மோரியர் செய்தி அகநானூற்றில் 69, 251, 281 ஆகிய பாடல்களிலும் புறநானூறு 175-இலும் வருகிறது. மாமூலனார் 'வம்ப மோரியர்', அதாவது புதிய மோரியர், என்கிறார். அவர்களுடைய தேர்ச்சக்கரம் உருள மலையை வெட்டி வழி செய்த செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அவர்கள் வந்ததைத்தான் இப்பாடல்கள் பேசுகின்றன. அவர்கள் அரசு அழிந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுவும் அகநானூற்றில் தலைவன் பிரிந்து சென்ற வழியின் கொடுமையைக் கூறும்போது இடையே வருவது. பேரரசு சிதைந்ததற்கு இதிலிருந்து காரணம் தேட இயலாது.

ஆனால் தெற்கின் எல்லையைப் பற்றி நம்மிடம் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அசோகர் தம் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்று ஒருவரையும் குறிப்பிடுகிறார். அவர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். 1981-இல் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பைக் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி', அதாவது சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி. ஒளவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் குடியே அது. சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். வெயில் ஏறுமுன் குன்றின் மேல் போய்விடுங்கள். காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.